சீட்டு வராத தராசு

காடிய ஆஃப் பண்ணிட்டு உள்ள வாங்க தம்பி. இன்னும் முடியல. லிங்கிக்குத்தானே, வரேன்லா. தங்கச்சி வள்ளிநாயகி வீட்டுக்கு வழி எனக்குத் தெரியாதா? அவ பக்கத்து வீட்டுக்காரன் உங்கள வேற அனுப்பணுமா?

போனா? எடுக்கல. வேலயில இருக்கேன்.

என்ன வேலயா? செம்பன லோரி தராசுல ஏறுது, எடை காட்டுது, சீட்டு வரல. சீட்டு இல்லாம மில்லுல எறக்க விடமாட்டான். பழம் வெயில்ல கெட்டுப்போவும். இந்த ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம் நான் எழுதினது. இங்க கிராணியா கணக்கெழுதிக்கிட்டு இருந்தப்ப, நானே படிச்சு. பென்ஷன் வாங்கியும் விடமாட்றானுங்க. சி ரூசா கடக்கரைக்கு ஓடினாலும் புடிச்சுருவானுங்க. ஏதாச்சும் நின்னா, கூப்புடு இராஜமாணிக்கத்த.

எடைக்கு ஒரு ஃபைலு, சீட்டுக்கு ஒரு ஃபைலு. மொதல்ல ரெண்டும் ஒன்னையொன்னு கூப்புட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. இது வர அது வேணும், அது வர இது வேணும். ரெண்டும் படுத்துக்கும். அதான் பிரிச்சேன். எடை போட்டாச்சுன்னு இது ஒரு சத்தம் குடுக்கும், அவ்ளோதான். யாரு கேக்குறான்னு இதுக்குத் தெரியாது. அது காதக் குடுத்துக்கிட்டே இருக்கும். கேட்டதும் சீட்டு அடிக்கும்.

நேத்து கேஎல் ஆபீஸ்லேர்ந்து ஷாமினின்னு ஒரு பொண்ணு புரோகிராம சுத்தம் பண்ண வந்துச்சு. சீட்டு ஃபைல உள்ள கொண்டார வரிய எடுத்துப் போட்டுருச்சு. அத எங்கயும் பேரு சொல்லிக் கூப்புடலயாம், வேணாம்னு நெனச்சிருச்சு. நல்லா சுத்தம் பண்ணுச்சு போ. இப்ப சத்தம் போவுது, கேக்க ஆளில்ல.

ஆமா, ஒரே வரிதான். திருப்பிப் போட்டா சரி.

அதுக்கு எதுக்கு இவ்ளோ நேரமா?

என்ன ஜன்னல்ல பாக்குறீங்க? லோரி நகருதா? நகரும், நகரும். நீங்க வர்றதுக்கு முந்தியே சரி பண்ணிட்டேன்.

ஏசாதீங்க தம்பி. எல்லாரும் காத்துக்கிட்டுதான் இருப்பாங்க, தெரியும்.

அந்த பிளாஸ்டிக் பைய எடுங்க. சேலதான். காலையிலயே லுக்குட் டவுன்ல வாங்கிட்டேன். பொறந்த வீட்டுக் கோடி போத்தாம வள்ளிநாயகிய தூக்கமாட்டாங்க. பொறந்த வீடுன்னு இப்ப நான் ஒருத்தன்தான்.

நான் போற வரைக்கும் அவ வீட்டுலயே இருப்பால்ல. அதான் உக்காந்துட்டேன்.