படம் வருதா?

மத்தியானம் மூன்று மணி. ஊரை விட்டு விலகிப் போகும் நீளமான ரோடு... இரண்டு பக்கமும் வேலி போட்டு விற்காமல் கிடக்கும் காலி மனைகள். கடைசியில் ஒரே ஒரு வீடு.

"பகல்லயா? பேய்க் கதைன்னுதானே சொன்ன?" என்று இப்போதே சிரிக்காதே. ராத்திரி வருகிற பேய்க்காவது விளக்கைப் போட்டுப் பார்க்கலாம். பகலில் வந்தால் எதைப் போடுவாய்? கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் இப்படி நெருங்கி உட்காருங்கள்.

இது எனக்கு நடந்ததில்லை. என் நண்பனின் மைத்துனனுக்கு நடந்தது. கேமரா மாட்டுகிற வேலை அவனுக்கு. ஒல்லியாய், உயரமாய் இருப்பான். அதனால் குச்சி என்றே கூப்பிடுவார்கள். பின்பக்கக் கேமரா படம் காட்டவில்லை என்று அந்த வீட்டுக்காரர் போன் செய்திருந்தார்.

குச்சி ஏணியோடு போய் இறங்கியபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். குளித்து, தலை சீவி, சட்டை மடிப்புக் கலையாமல். உள்ளேயிருந்து பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது.

"நாலு நாளா வேலை செய்யல தம்பி. உள்ள எல்லாம் சரியா ஓடுது. மேல மட்டும் பாருங்க. என் வீட்டம்மாவுக்குக் காய்ச்சல், தூங்கறா. சத்தம் வேண்டாம்."

உங்களிடம் மறைக்க மனசு வரவில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவள் தூங்கவில்லை. அன்று காலையில் அந்த ஆள் அவளை அடித்தே கொன்றிருந்தான். இனிமேல் அவனுக்கு 'அவர்' போட எனக்கு வாய் வராது. பின்கதவு வழியாக ஓடியவளை முடியைப் பிடித்து இழுத்துப் போய், குளியலறைத் தரையில் தலையை மோதி மோதி... அவள் ஓடியதைக் கேமரா பார்த்திருக்குமே என்று பிறகுதான் உறைத்திருக்கிறது. ரெக்கார்டரில் இருந்ததை அழித்தான், மேலே ஏறி ஒயரைப் பிய்த்தான். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சாயங்காலம் ஊரைக் கூட்டுவதாகத் திட்டம். கேமரா முன்பே பழுது, மத்தியானம்கூட அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று சொல்ல வெளியாள் ஒருவன் வேண்டும். அதற்குத்தான் குச்சி.

இது எதுவும் தெரியாமல் குச்சி பின்சுவரில் மாடி உயரத்துக்கு ஏணியைச் சாய்த்தான். கழுவிவிட்ட தரை ஈரமாக இருந்தது.

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க சார். வழுக்குது."

அந்த ஆளும் வந்து பிடித்தான். யோசித்துப் பாருங்கள்... கீழே சிமெண்ட் தொட்டி. விழுந்தால் மண்டை மிஞ்சாது. குச்சியின் உயிர் அந்த இரண்டு கைகளில் இருந்தது.

மேலே ஒயர் அறுந்து தொங்கியது. உள்ளே செம்பு பளபளவென்று இருந்தது. நாலு நாள் வெயிலில் கிடந்ததா இது என்று அவனுக்குத் தோன்றத்தான் செய்தது. நமக்கென்ன என்று முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினான்.

இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் போவார்கள். ஒருவன் மேலே கேமராவைத் திருப்புவான். இன்னொருவன் உள்ளே டிவி முன்னால் நின்று இடது, வலது என்று கத்துவான். அன்று கூட்டாளி லீவு. ஆனால் வாய்ப்பழக்கம் போகுமா? குச்சி வழக்கம்போல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டான்.

"படம் வருதா?"

"வருது."

பெண் குரல். உள்ளேயிருந்துதான். ஏணி லேசாக ஆடியது.

"அக்கா முழிச்சிட்டாங்க போல சார்," என்றான் குச்சி. பிறகு உள்பக்கம் குரல் கொடுத்தான். "எந்தப் பக்கம் திருப்பணும்க்கா?"

"இடது... இன்னும் கொஞ்சம். கீழ இறக்குங்க." வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி கொழகொழவென்ற குரல். காய்ச்சல்தானே என்று நினைத்துக்கொண்டான். "இன்னும் கீழ... ஆங். இப்ப அவரு தெரியறாரு."

குச்சிக்குச் சிரிப்பு வந்தது. "சார், அக்கா உங்களத்தான் பார்க்கணுமாம்."

ஏணி சுவரில் தட்டத் தொடங்கியது. டக்... டக்... டக். குனிந்து பார்த்தான். அந்த ஆள் முகத்தில் ரத்தமே இல்லை. கண் பின்கதவிலேயே இருந்தது.

"நல்லாத் தெரியுது," என்றது குரல். "கை நல்லாத் தெரியுது."

அவ்வளவுதான். ஏணியை விட்டான். கீழே கிடந்த குச்சியின் பையிலிருந்து சுத்தியலை உருவிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். ஈரத்தில் ஏணியின் கால் சர்ரென்று நழுவியது. செத்தோம் என்று குச்சி கண்ணை மூடினான்.

ஏணி சட்டென்று நின்றது. யாரோ பிடித்துவிட்டார்கள்.

உள்ளே சத்தம் கேட்டது. தொப்... தொப்... நடுவில் அந்த ஆளின் குரல். "பேசாத. பேசாதங்கறேன்." தொப்.

குச்சி சுவரைப் பார்த்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினான். ஏணி பிடிக்கிறவர் ஏறினவன் முதுகுப் பக்கம் நின்று இரண்டு பக்கமும் கை கொடுத்துப் பிடிப்பார். இறங்குகிறவன் அந்தக் கைகளுக்கு நடுவில்தான் இறங்க வேண்டும். பாதி வந்ததும் அந்தக் கைகளைப் பார்த்தான்.

மெலிந்த கைகள். நகங்கள் பெயர்ந்து, விரல் மடிப்பெல்லாம் கருஞ்சிவப்பு.

உள்ளே ஓர் அடி விழுந்தது. அந்தக் கைகள் துடித்தன. விரல்கள் தளர்ந்தன... மறுபடி இறுகின. அடுத்த அடி. மறுபடி துடிப்பு. ஒவ்வோர் அடிக்கும் ஏணி முழுக்க அதிர்ந்தது. பிடி மட்டும் விடவில்லை. மேலே போகவும் வழியில்லை, குதிக்கவும் முடியாது. "அக்கா... அக்கா..." என்று அழுதுகொண்டே அந்தக் கைகளுக்கு நடுவில் இறங்கினான். கழுத்தில் வெதுவெதுப்பாக ஏதோ சொட்டியது. கால் தரையைத் தொட்டதும் பிடி இல்லை. திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் ஊர்ப்பக்கமாக ஓடி, கத்தி ஆள் சேர்த்தான்.

ஆட்கள் உள்ளே போனபோது அந்த ஆள் குளியலறையில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தான். காலையிலேயே செத்து விறைத்த உடம்பை. சுத்தியல் பிடி உடைந்து, வெறும் கையால். "இன்னும் பேசுறா, நிறுத்தச் சொல்லுங்க" என்று வந்தவர்களிடம் கெஞ்சினான்.

டிவி, ரெக்கார்டர் இரண்டின் பிளக்கும் தரையில் கிடந்தன. படம் வர வழியே இல்லை.

ஸ்டேஷனில் குச்சியின் சட்டையைக் கழற்றி வாங்கினார்கள். முன்பக்கம் சுவர்த் தூசி மட்டும்தான். பின்பக்கம் கழுத்திலிருந்து இடுப்பு வரை ரத்தம். அதை மேஜையில் விரித்த போலீஸ்காரர் கையை எடுத்துக்கொண்டாராம்... நடுமுதுகில் ஒரு பெண்ணின் கன்னம் பதிந்திருந்தது. களைத்துப்போய்க் கொஞ்ச நேரம் சாய்ந்துகொண்ட மாதிரி.