சிறு திருத்தங்கள்

பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் காலர் மடங்கியிருந்தால் எனக்குப் பயணமே ஓடாது. இறங்குவதற்குள் அதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். இதைக் குணம் என்பதா வியாதி என்பதா தெரியவில்லை. ஆனால் இதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். போன் செயலிகளில் எழுத்தும் பெட்டியும் பொத்தானும் பார்க்கிற கண்ணை உறுத்தாமல் உட்கார வேண்டும். அதைக் கவனிப்பது என் வேலை. நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. எழுதுகிறேன். மறைக்க எதுவும் இல்லை. இனிமேல் இல்லை என்று சொல்வது இன்னும் சரியாக இருக்கும்.

என் அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் அந்தச் செயலியைச் செய்தோம். ஒவ்வொரு நர்ஸ் கையிலும் ஒரு போன். கட்டில் எண்ணைத் தட்டினால் நோயாளியின் விவரம் வரும்: பெயர், வயது, என்ன உபாதை, எந்த டாக்டர். கடைசியில் ஒரு சின்னப் பெட்டி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதற்கு. வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர்கள் நோயாளி சொல்வதைக் கேட்டு அதில் எழுதுவார்கள். ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் அதைப் பார்ப்பார்.

ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளர் ஒரு கறாரான மனிதர். எல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. "வெரலால தள்ளித் தள்ளிப் பாக்கற வேலையெல்லாம் வேணாம். என் பசங்களுக்கு அதுக்கு நேரம் கெடையாது" என்றார். அதனால் பெட்டியைப் பெரிதாக்க வழியில்லை. நீளமாக எழுதினால் மிச்சம் வெட்டுப்பட்டு மூன்று புள்ளி வரும். அந்தப் புள்ளிகளும் அவருக்குப் பிடிக்கவில்லை. எதையோ ஒளித்து வைத்த மாதிரி இருக்கிறதாம்.

எனக்கும் அந்தப் புள்ளிகள் பிடிக்காது. அதனால் எழுத்து கூடக்கூட அதன் அளவு தானாகவே குறைந்து, பெட்டிக்குள் அடங்கும்படி செய்தேன். பத்து சொல் எழுதினால் கொஞ்சம் சிறுக்கும், இருபது எழுதினால் இன்னும் கொஞ்சம். எதுவும் வெட்டுப்படாது, எதுவும் வெளியே துருத்தாது. தட்டச்சு செய்யச் செய்ய எழுத்துகள் ஒன்றையொன்று நெருங்கி இடம் விட்டுக்கொடுப்பதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். பன்னிரண்டு என்ற அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு வரம்பும் வைத்திருந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் ஒருத்தி இருந்தாள். நாங்கள் செய்ததை உடைத்துப் பார்த்துக் குறை சொல்வதுதான் அவள் உத்தியோகம். குறைகாணி என்று கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ள மாட்டாள். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே நாலு பிழை கண்டுபிடித்து அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியவள். ஆஸ்பத்திரிக்கு ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது அறுபது சொற்களை அந்தப் பெட்டியில் கொட்டிப் பார்த்தாள். பன்னிரண்டில் நின்ற எழுத்து, அதற்குமேல் இடமில்லாமல் வெட்டுப்பட்டு, மறுபடியும் மூன்று புள்ளி வந்தது.

மறுநாள் கண்காணிப்பாளர் முன்னால் காட்ட வேண்டும். நான் வரம்பை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வரி. அழித்ததும் எல்லாம் அடங்கிவிட்டது.

அவள் விடவில்லை. என் மேஜைக்கு வந்து போனை மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இது என்னன்னு படிங்க பாப்போம்."

"யாரு அறுபது வார்த்தை எழுதப் போறா?"

"யாராவது எழுதுவாங்க."

"எழுதட்டும், பாத்துக்கலாம்."

அவள் எழுதிய புகாரை, 'நடைமுறையில் நிகழ வாய்ப்பில்லை' என்று குறித்து மூடினேன். எங்கள் தொழிலில் இது தினமும் நடப்பது. அந்த வாசகத்தை ஒரு நாளைக்கு நாலு தடவை எழுதுவோம். மறுநாள் கண்காணிப்பாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாளாம்: "எங்க தம்பி செஞ்சதுடி, பாத்து அலுங்காம தொடு."

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு அந்தப் பள்ளிக்கூட ஆசிரியை வந்தார்.

படியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்து வந்தவர். வயது நாற்பத்தொன்று. ஆசிரியை அல்லவா, வரவேற்பில் கேட்டதற்கு ஒன்றுவிடாமல் பதில் சொல்லியிருக்கிறார். தூசு பட்டால் தும்மல், ஒரு சோப்பு போட்டால் அரிப்பு, சிறு வயதில் தேனீ கொட்டி முகம் வீங்கியது என்று வரிசையாக. வரவேற்பில் இருந்தவரும் மனசாட்சிக்காரர், அத்தனையையும் எழுதியிருக்கிறார். கடைசியில்தான் ஒரு வலி ஊசியின் பெயரைச் சொல்லி, முன்பு அதைப் போட்டபோது தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோனதைச் சொன்னார். மொத்தம் அறுபத்து நாலு சொற்கள். நான் பிறகு எண்ணிப் பார்த்தேன்.

சொல்லிவிட்ட நிம்மதியில் அவர் கட்டிலில் படுத்துக் கண்ணயர்ந்திருக்கிறார். டாக்டர் எழுதிய வலி ஊசியை எடுத்துக்கொண்டு வந்தது என் அக்கா. ஊசி போட்டதும் அவர் மூச்சு அடைத்தது. எவ்வளவோ முயன்றும் அவர்களால் காப்பாற்ற முடியவில்லை.

அக்கா என்னைக் கூப்பிட்டபோது காலை பதினொரு மணி. அழுகையில் பாதி புரியவில்லை.

"டேய், அந்தப் பொட்டி காலியா இருந்துச்சுடா. கோடு மட்டும்தான் இருந்துச்சு. எழுதறதுக்குப் போட்ட கோடுன்னு நெனச்சேன். இப்ப உத்து உத்துப் பாத்தா அது கோடு இல்லடா, எழுத்து! அவ்வளவு பொடியா இருக்கு. நீ வந்து இவங்ககிட்ட சொல்லேன், இது இப்படித்தான் சுருங்கும்னு. நீ சொன்னா நம்புவாங்க."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உதவிக்குத்தான் கூப்பிட்டாள். "போனை யாருக்கும் குடுக்காதக்கா. சார்ஜ்ல போட்டு அப்படியே வை. நான் பாத்துக்கறேன்" என்றேன். ஆஸ்பத்திரி போன்கள் சார்ஜில் இருக்கும்போதுதான் புதிய பதிப்பை ஏற்கும். அப்படி வைத்தது நாங்கள்தான்.

வரம்பைத் திரும்பப் போட்டேன். பெட்டி தேவைக்கேற்ப நீளும்படி மாற்றினேன். பதினொரு நிமிஷ வேலை. புதிய பதிப்பை அனுப்பும்போது என்ன மாற்றம் என்று ஒரு வரி எழுத வேண்டும். எல்லாரும் எழுதுவதைத்தான் நானும் எழுதினேன்: சிறு திருத்தங்கள்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியின் விசாரணைக் குழு அக்காவின் போனைத் திறந்தது. அறுபத்து நாலு சொற்களும் பளிச்சென்று ஏழு வரிகளில் இருந்தன. விரலால் தள்ளிப் பார்க்க வேண்டியிருந்தது. கண்காணிப்பாளர் உள்பட யாருக்கும் அதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. மற்ற நர்ஸுகளின் போன்களிலும் அப்படியேதான் இருந்தது. உண்மையில் அன்றிலிருந்து அந்தச் செயலி மிக நன்றாக வேலை செய்கிறது. இனி வருகிற நோயாளிகளுக்கு நான் செய்தது நல்லதுதான். இதை நீங்கள் எழுதிக்கொள்வீர்களோ மாட்டீர்களோ, எனக்குத் தெரியாது.

அக்கா அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றாள். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

"பெரிசா இருந்துச்சுடா. எல்லாரும் படிச்சாங்க. நானும் படிச்சேன்."

நான் சொல்லியிருக்கலாம். அதற்கு வாய்ப்பு இருந்தது. ஆனால் அவள் நிலையைப் பார்த்ததும், இப்போது இவளுக்குத் தேவை ஒரு காரணம் என்று தோன்றியது. காரணம் தெரியாமல் மனிதர்கள் பைத்தியமாகிவிடுவார்கள்.

"கண்ணாடியத் தலைமேல ஏத்தி வெச்சிருந்தியோ?" என்றேன்.

"இல்லடா. போட்டிருந்தேன்."

மூன்றாம் நாள் நானே மறுபடி கேட்டேன். "போட்டிருந்தேன்னுதான் நெனைக்கிறேன்" என்றாள். அடுத்த வாரம் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வயதில் எல்லாருக்கும் கண்ணாடிப் பவர் கொஞ்சம் கூடும். அவளுக்கும் கொஞ்சம் கூடியிருந்தது. அந்தச் சீட்டைப் பத்திரமாக வாங்கி, அக்காமேல் போட்டிருந்த வழக்கை நடத்தும் வக்கீலிடம் கொடுத்தேன். தண்டனை குறைய உதவும் என்று அவரும் சொன்னார். திரும்பி வரும் வழியில், ஆட்டோவில், அவள் வெளியே பார்த்தபடி, "போடல போல" என்றாள். குரலில் ஒரு தெளிவு இருந்தது. எனக்கும் மனசு லேசானது.

அன்றிலிருந்து அவள் எதையும் மூன்று முறை படிக்கிறாள். பஸ்ஸின் எண்ணைப் பக்கத்தில் நிற்பவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறாள். இருமல் மருந்து பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டுகிறாள். இருபத்திரண்டு வருஷம் ஊசி போட்ட கை, இப்போது சாவியை நுழைக்கும் முன் பூட்டின் துவாரத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறது. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் ஆசிரியையின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். மழை. அவர் கணவர் கதவைத் திறந்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அவர் கத்தவில்லை, விரட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவ சொன்னது அதுல எழுதியிருந்துச்சாம்மா?"

"எழுதியிருந்துச்சுங்க. பெரிசாவே எழுதியிருந்துச்சு. நான்தான் பாக்கல" என்றாள் அக்கா.

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார். அக்கா அழாமல் நடந்து வந்தாள். நான்தான் பஸ்ஸில் கொஞ்சம் கலங்கிவிட்டேன். அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

எங்கள் அலுவலகத்தை விட்டுப் போன குறைகாணி தன் பழைய புகாரை உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள் என்று சொன்னீர்கள். அவள் வேலை சுத்தம். வரம்பை எடுத்தது நான், புகாரை மூடியது நான், அன்று பன்னிரண்டு மணிக்குள் சாட்சியத்தை அழித்ததும் நான். தீர்ப்பு திங்கட்கிழமை. நீங்கள் கூப்பிடாவிட்டால் நானாக வந்திருப்பேனா என்று கேட்டீர்கள். யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. போன வாரம் வக்கீல் அனுப்பிய ஒப்புதல் பத்திரத்தை அக்கா என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். இப்போதெல்லாம் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் தருகிறாள். எட்டாவது பத்தியில், செயலியின் பழைய பதிப்புகளை நிபுணரைக் கொண்டு சோதிக்கக் கோரும் உரிமை தனக்கு வேண்டாம் என்று அவள் சம்மதிப்பதாக இருந்தது. படித்தால் வீணாகக் குழம்புவாள் என்று ஏழிலிருந்து ஒன்பதுக்குப் போய்விட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தேன். அவள் போட்டாள்.

இந்த வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்திடுகிறேன். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் மறுபேச்சு பேச மாட்டேன். ஒரு வேண்டுகோள் மட்டும். அக்காவுக்கு இது தெரிய வேண்டாம். முடிந்தால் திங்கட்கிழமை அவள் வழக்கு அதன் போக்கில் முடியட்டும். தான் ஒருவரைக் கொன்றுவிட்டோம் என்பதை அவள் ஒருவாறு ஏற்றுக்கொண்டுவிட்டாள். நான்தான் என்று தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள். என்மேல் அவ்வளவு பாசம். அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.