ஜீபிஎஸ் இல்லாத பெட்டி

– திரும்பத் திரும்ப அதையே சொல்லாதை, அன்ரோனெற். ஜீபிஎஸ் இல்லையாம், ஜீபிஎஸ் இல்லையாம். அப்ப பெட்டிக்கு இடம் எப்பிடித் தெரிஞ்சது?

– இருங்கோ அத்தான். தேத்தண்ணியைக் குடியுங்கோ, சொல்லுறன்.

– உன்ரை தேத்தண்ணி வேண்டாம். தண்ணியின்ரை சூடும் உப்பும் அளக்கிற பெட்டி எண்டாய். என்ரை தம்பியின்ரை மனிசி நீ கேட்டிட்டாய் எண்டு ஏழு பெட்டியையும் கொண்டுபோய் மிதப்பிலை கட்டினனான். இப்ப அந்த இடத்தைச் சுத்திக் கம்பு நட்டு, கடலட்டைப் பண்ணைக் கொம்பனி வலை அடைச்சிருக்கு. வள்ளம் கிட்டப் போகேலாது.

– நான் பொய் சொல்லேல்லை. பெட்டி உப்பும் அளக்கிறதுதான்.

– பாதியைச் சொல்லிப்போட்டு மற்றப் பாதியை மடியிலை கட்டி வைச்சிருக்கிறதுக்கு நீ வேலை செய்யிற கந்தோரிலை என்ன பேர், பிள்ளை?

– கரையிலை மூண்டு பெட்டி வைச்சனாங்கள். கோயில் கோபுரத்திலை ஒண்டு, இறங்குதுறையிலை ஒண்டு, போன் ரவரிலை ஒண்டு. அதுகளுக்குத் தாங்கள் நிக்கிற இடம் தெரியும். கடல் பெட்டியள் அந்தச் சிக்னல் பலமா வருதோ மெதுவா வருதோ எண்டு பாக்கும். பலமா வந்தால் கிட்ட, மெதுவா வந்தால் எட்ட. நீங்கள் கோபுரத்தையும் பனையையும் நேரா வைச்சு வலை தேடுற மாதிரித்தான்.

– என்ரை கண் பாத்ததைக் கொம்பனிக்குக் கொண்டுபோய்க் குடுக்காது.

– பிறகு கம்பியூட்டர் குத்துமதிப்பா ஒரு இடத்தை வைக்கும். பிழை எவ்வளவு எண்டு பாக்கும். கொஞ்சம் தள்ளி வைக்கும். பிழை குறைஞ்சால் அங்கை நிண்டு இன்னும் தள்ளும். அப்பிடி ஆயிரம் தரம்.

– அதுக்குப் பற்றரி சாகாதோ?

– கணக்கெல்லாம் கந்தோரிலை. பெட்டி நாளுக்கு நாலு தரம் முழிக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டுத் திரும்பப் படுத்திடும். அப்பத்தான் ஒரு வரியம் இழுக்கும். அந்த நித்திரைக் கணக்கு நான் போட்டது.

– கெட்டிக்காரி.

– அப்பிடிச் சொல்லாதேங்கோ அத்தான்.

– சரி. அப்ப காட்டிக் குடுத்தது பெட்டி. நீ இல்லை. அப்பிடித்தானே?

– இல்லை. பெட்டிக்குப் பாதிதான் தெரிஞ்சது.

– விளங்கேல்லை.

– கரைப் பெட்டி மூண்டும் தீவு நீளத்துக்கு ஒரே நேர்கோட்டிலை நிண்டிட்டுது. எங்களுக்கு ரெண்டு பக்கமும் கடல். விடையும் ரெண்டு வந்தது. ஒண்டு வடகடலிலை, மற்றது தென்கடலிலை. எது எண்டு கந்தோர்ச் சேர் என்னைக் கேட்டவர்.

– நீ?

– வாடைக் காத்துக்கு ஆர் வடகடலிலை வலை விடுறது. தென்கடல் எண்டனான்.

– அது பண்ணைக்கு இடம் தேடுற கொம்பனிக்குப் போகும் எண்டு தெரிஞ்சோ?

– ஓம், தெரியும். வேலையை நிரந்தரமாக்கிறன் எண்டவர். அத்தானுக்கு வேறை இடமும் இருக்கும் எண்டு என்னை நானே தேத்திக்கொண்டன்.

– உன்ரை மனிசன் றோய்க்குச் சொன்னனியோ?

– எப்பிடிச் சொல்லுறது. ரெண்டு கிழமையா நாரி நோ, குனியேலாது எண்டு படுத்திருக்கிறார். கடலுக்கும் போறேல்லை.

– பெட்டியைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ?

– ஒருநாள் கேட்டவர், உன்ரை பெட்டியளை எங்கை கட்டச் சொன்னனி எண்டு. எனக்குத் தெரியாது, அண்ணனைக் கேளுங்கோ எண்டனான். அதுக்குப் பிறகு என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. உங்களைக் கேட்டவரோ?

– கேக்கேல்லை. என்ரை படலையைத் தாண்டிப் போறான், திரும்பிப் பாக்கிறானில்லை. அவன் வலை விடுற இடம் எங்கை எண்டு உனக்குத் தெரியுமோ?

– எந்தக் கடற்காரன் மனிசிக்குத் தன்ரை இடத்தைச் சொல்லுறவன்? உங்களுக்கு மட்டும்தானே காட்டினவர்.

– ஓம். எனக்கு மட்டும்தான்.

– அத்தான், நான் செய்தது துரோகம். வேலை போனால் போகட்டும். நாளைக்குக் காலமை கச்சேரிக்கு, அரசாங்க அதிபரிட்டைப் போவம். இது என்ரை இடம், இருவது வரியமா இங்கைதான் வலை விடுறன் எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ. நான் சாட்சி சொல்லுறன்.

– என்னாலை வைக்கேலாது.

– ஏன், கொம்பனிக்குப் பயமோ?

– உன்னை நான் முதல் நாளே நம்பேல்லை, அன்ரோனெற். பெட்டியளைக் கொண்டுபோய் றோயின்ரை இடத்திலை கட்டினனான்.