நல்ல கண்ணைக் கட்டிய கதிர்காமநாதன் ஐயாவுக்கு

புளியங்குளத்துக் காட்டிடையே பிணி தீர்க்க வந்த பெருந்தகையே! காய்ச்சலோடும் கண்ணீரோடும் வந்தோரைக் கனிவோடு காத்த கருணைக் கரத்தினரே! எங்கள் வைத்தியரே, அப்போதிக்கரி ஐயா கதிர்காமநாதன் அவர்களே! வணக்கம்.

நீங்கள் விடைபெற்றுச் செல்லும் இந்நாளில், இவ்வைத்தியசாலையில் பதினெட்டு ஆண்டுகள் ஆற்றிய பணியை மகிழ்ந்து பாடவே பேனா எடுத்தோம். ஆனால் உங்களிடம் கண் வைத்தியத்துக்கு வந்த மஸீனா இக்கூட்டத்தின் முன்வரிசையில் அமர்ந்திருக்கையில் மகிழ்ச்சி எங்கிருந்து வரும்?

மாறுகண் எனும் வாக்குக்கண் உள்ள பிள்ளை வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று ஊரே கொண்டாடியபோது, அது பார்வையைத் தின்றுவிடும் என்று வீடு வீடாகச் சொன்ன வித்தகரே! ஒரு கண் விலகி நின்றாலும், ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி தேவைப்பட்டாலும், பிறவியிலேயே வெண்படலம் மறைத்தாலும், மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டு மற்றதையே நம்பிப் பழகிவிடும் என்றீர்கள். சிறுவயதிலேயே நல்ல கண்ணைக் கட்டி, மெலிந்த கண்ணை வேலை வாங்குவதே வைத்தியம் என்றீர்கள்.

அப்படித்தான் ஐந்து வயது மஸீனாவின் நல்ல வலக்கண்ணைக் கட்டி அனுப்பினீர்கள். தட்டித் தடுமாறி அழுத மகளைக் காணச் சகியாமல், தந்தை ஆதம்பாவா கட்டை அவிழ்த்து வாக்குக்கண்ணுக்கு மாற்றிவிட்டார். வியாபாரத்துக்காகக் குடும்பத்தோடு முல்லைத்தீவு போனவர், அவளுக்கு ஒன்பது வயதானபோதுதான் திரும்பி வந்தார். "பழுதான கண்ணைத்தானே ஐயா கட்டவேணும்? நல்ல கண்ணைக் கட்டினாப் புள்ள எப்படி நடக்கும்?" என்று கேட்டார். நீங்கள் கோபிக்கவில்லை. கதிரையில் அமர்ந்து, "கட்டத் தெரிஞ்ச எனக்கு விளங்கப்படுத்தத் தெரியேல்லை" என்றீர்கள். மறுபடி கட்டியும் பலனில்லை, காலம் கடந்திருந்தது.

போன வருடம் நெல் பிரிக்கச் சூடு மிதிக்கும் களத்தில் நெற்கூர் ஒன்று அவளது வலக்கண்ணில் ஏறிப் புண்ணாகியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு நீங்களே கொண்டோடியும் அந்தக் கண் தப்பவில்லை. இடக்கண்ணில் ஆட்கள் நிழலாய்த் தெரிவார்கள், முகம் தெரியாது.

அன்பின் உறைவிடமே! நீங்கள் போனபின் இங்கே கண் பார்க்க ஒருவருமில்லை. மஸீனாவின் தங்கை, நான்கு வயதுச் சரீபாவுக்கும் வாக்குக்கண். நீங்கள் அவளுக்குக் கட்டிவிட்டு ஒரு மாதந்தான் ஆகிறது. நேற்று அவளும் அழ, ஆதம்பாவா மனமிளகி முடிச்சில் கை வைத்தார். "அவிழ்க்காதீங்க வாப்பா! என்னைப் பாருங்க!" என்று தடுத்தவள் மஸீனாதான். தினமும் காலையில் தங்கையின் முகத்தைத் தடவி, நல்ல கண் மூடியிருக்கிறதா என்று விரலால் பார்த்த பின்னரே அவள் தேநீர் குடிக்கிறாள்.

இம்மடலை மஸீனாவால் வாசிக்க இயலாது. அவள் கேட்கவே உரக்க வாசித்தோம். சரீபா எழுத்துப் பழகி, இரண்டு கண்ணாலும் இதை வாசித்துக் காட்டும் நாளில், எதிரே இருந்து கேட்க நீங்கள் வேண்டும், ஐயா. அதற்காகவேனும் நோயின்றி நீடு வாழ்க!

பிரிவால் வாடும்
வைத்தியசாலை ஊழியர்கள்
ஆவணி, 1963