ஒரு நூல் அறுத்தா போதும்

அக்கா: ஆடுது.

தம்பி: இப்பவுமா?

அக்கா: நீயே இந்த ஸ்டூல்ல உக்காந்து பாரு. இந்தப் பக்கம் சாஞ்சா அந்தப் பக்கம் தூக்குது.

தம்பி: எந்தக் கால் நீளம்?

அக்கா: ஜன்னல் பக்கத்துக் கால். இல்ல... இரு... இந்தப் பக்கமோ?

தம்பி: ஒரு முடிவா சொல்லுக்கா. அறுக்கப் போறவன் நான்.

அக்கா: ஜன்னல் பக்கம்தான். ஒரு நூல் அளவு அறுத்தா போதும்.

தம்பி: காலையிலேருந்து ஒரு நூல், ஒரு நூல்னு சொல்லி, கீழ பாரு, ஒரு வாளி மரத்தூள்.

அக்கா: கம்ப்யூட்டர் தட்டுற கையில ரம்பத்தைக் குடுத்தா அப்படித்தான்.

தம்பி: வீடியோவுல அந்த ஆளு அரை மணி நேரத்துல முடிச்சிட்டான்.

அக்கா: அவனுக்கு அக்கா இல்ல போல.

தம்பி: சிரிக்காத, ஸ்டூல் ஆடுது. அசையாம புடி.

அக்கா: புடிச்சிருக்கேன். வண்டி எப்ப வரும்னு சொன்ன?

தம்பி: சாயங்காலம். இதோட எத்தனை தடவை கேட்டுட்ட.

அக்கா: மறந்து போச்சுடா. அந்தப் புது ஊரு... குளிருமா?

தம்பி: குளிருமாம். ஆபீஸ்ல சொன்னாங்க.

அக்கா: லீவெல்லாம் குடுப்பாங்கல்ல?

தம்பி: முதல் வருஷம் கஷ்டம்தானாம்... சரி, இப்ப உக்காரு.

அக்கா: ...ஆடுது.

தம்பி: விளையாடாத.

அக்கா: சத்தியமா. இப்ப கதவுப் பக்கத்துக் கால் இடிக்குது.

தம்பி: அக்கா, நீ உக்காந்து துணி தேய்க்கணும்னுதான் இந்த ஸ்டூலே. இஸ்திரி மேஜை எவ்வளவு உயரம்னு பார்த்தியா? இன்னும் அறுத்தா நீ மேஜைக்கு அடியில உக்காந்துதான் தேய்க்கணும்.

அக்கா: நான் எதுக்கு உக்காரணும்? நின்னே பழகினவ.

தம்பி: அதனாலதான். நேத்து உன் காலைப் பார்த்தேன். நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சா...

அக்கா: வயசானா எல்லாருக்கும் வரும்.

தம்பி: வயசாலயா வந்துச்சு? தெருவுல இருக்கிறவங்க சட்டையெல்லாம் நின்னு நின்னு தேய்ச்சு வந்துச்சு. அம்மா போனதுக்கு அப்புறம் என்னைப் படிக்க வெச்சது அந்தக் கால்தான். இன்னைக்கு ஒரு வேலைன்னு நான் கிளம்புறேன்னா...

அக்கா: ஸ்கூல் ஆண்டு விழாவுல பேசுற மாதிரி பேசாதடா. கதவுப் பக்கத்துக் காலை அறு.

தம்பி: நன்றி சொல்ல வந்தா உனக்கு ஆண்டு விழாவா?

அக்கா: நமக்குள்ள என்ன நன்றி?

தம்பி: இருக்கு. நிறைய இருக்கு. வாயால சொல்ல வரல, அதான் மரத்தை வாங்கிட்டு வந்தேன்.

அக்கா: போதும்டா. அறு.

தம்பி: அறுத்தாச்சு. திருகாணியெல்லாம் இறுக்கியாச்சு. உக்காரு பார்ப்போம். எப்படி இருக்கு?

அக்கா: முழங்கால் மூக்குல இடிக்குது.

தம்பி: ஆடுதா, அதைச் சொல்லு.

அக்கா: டேய்... ரம்பத்தைக் கீழ வை.

தம்பி: ஏன்?

அக்கா: ஒண்ணு சொல்றேன், கோச்சுக்கக் கூடாது.

தம்பி: சொல்லு.

அக்கா: ஸ்டூல்ல தப்பே இல்ல. நீ முதல்லயே சரியாத்தான் பண்ணியிருந்த. தரைதான் கோணல். சுவர்ப் பக்கமா இறங்கிப் போகுது. இத்தனை வருஷம் இதே இடத்துல நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?

தம்பி: தெரிஞ்சுமா அறுக்கச் சொன்ன?

அக்கா: முடிஞ்சிடுச்சுன்னா எழுந்து போய்ப் பெட்டி கட்ட ஆரம்பிச்சிடுவ. ஆடுதுன்னா இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே என் பக்கத்துல உக்காந்திருப்ப... அவ்வளவுதான்டா. ஆசையா வாங்கிட்டு வந்த மரத்தைப் பாழாக்கிட்டேன். இனிமே நின்னேதான் தேய்க்கணும். எனக்கு நல்லா வேணும். திட்டணும்னா திட்டு.

தம்பி: மேஜைக்கு அடியில குனிஞ்சு பாரு. சுவர்ப் பக்கத்துக் கால்.

அக்கா: என்ன இருக்கு? ஒரு மடிச்ச அட்டை. அது எப்பவும் அங்கதானே இருக்கு.

தம்பி: யாரு வெச்சது?

அக்கா: நீதான். இந்த மூலையில நின்னு வீட்டுப் பாடம் எழுதுவ. மேஜை ஆடுது, எழுத்து கோணுதுன்னு நோட்டு அட்டையைக் கிழிச்சு மடிச்சு... டேய். அப்ப உனக்கும் காலையிலேருந்தே...

தம்பி: இந்தத் தரையும் தெரியும், உன்னையும் தெரியும். அதான் மரக்கடையிலேயே ரெண்டு ஸ்டூலுக்கு வாங்கிட்டேன். கதவுக்குப் பின்னாடி பாரு, ஒரு பலகையும் நாலு காலும் முழு உயரத்துக்கு அப்படியே இருக்கு. அது நீ உக்கார, இது காலைத் தூக்கி வெச்சுக்க. சாயங்காலம்னு உன்கிட்ட சும்மாதான் சொன்னேன், வண்டிக்காரர்கிட்ட நாளைக்கு வந்தா போதும்னு முன்னாடியே சொல்லிட்டேன்... மெதுவாவே பண்ணுவோம்க்கா.