மடியில் கட்டிய மெசின்

ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனை போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டு இளம்பெண் மடியில் லேப்டாப்பைத் திறந்தே வைத்திருந்தாள். இடிக்கிறதே என்று, பக்கத்திலிருந்த நடுத்தர வயதுப் பெண்மணி அதை மூடப் போனார்.

"மூடிராதீங்கக்கா! உள்ள ஒரு மெசின் கட்டிக்கிட்டிருக்கேன்."

"மெசினா? எங்க?"

"முந்தி கடைகள்ல நின்னுக்கிட்டே வெளையாடுவாங்களே, பெரிய கேம் மெசின். கம்ப்யூட்டர அதே மாதிரி நடந்துக்க வைக்கிற புரோகிராம்."

"அது ரெடிமேடா கெடைக்காதா?"

"கெடைக்குது. ஆனா எங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்திருச்சு. விரல் பட்டன்ல நிக்காது, வழுக்கிரும். டாக்டர் கைப்பயிற்சிக்குப் பந்த அமுக்கச் சொன்னாரு, இவரு தூக்கி வீசிட்டாரு. கொழும்புல வேலை செஞ்சப்ப இந்த கேம்னா அவருக்கு உசுரு. அதான், தொட்டாலே அமுக்கிப் புடிச்சதா எடுத்துக்கிற மாதிரி அந்தப் புரோகிராமோட கோட்ட மாத்தி எழுதினேன். இப்ப கம்ப்யூட்டர் முழுசையும் புதுசா கட்டி முடிக்கணும், நடுவுல மூடினா நின்னுரும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"காலையில இருந்து ஓடுது. பேட்டரி தாங்கணும்."

இருவரும் திரையில் ஓடிய எழுத்துகளையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"ஐயோ, நான் எறங்குற எடம் போயிருச்சு," என்றார் பெண்மணி. ஆனால் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் எழுத்துகள் நின்றன.

"முடிஞ்சிருச்சுக்கா!"

"எங்க, ஒருக்கா ஆடிக் காட்டு."

"இல்லக்கா. மொத பட்டன அவருதான் அமுக்கணும்."

பெண்மணி பெல்லை அடித்துவிட்டு எழுந்தார். "அப்ப அவரு ஆடுனாரா இல்லையான்னு நான் யாருகிட்ட போயி கேப்பேன்?"