எண்பதில் நின்ற முள்

கதை எழுதத் துணிவது எனக்கு இதுவே முதன்முறை. பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன். பேசுகிறவர்களில் ஒருவர் லாரி ஓட்டுநர். மற்றவர் அவருடைய மைத்துனர். அந்த லாரியின் கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்க வெளிக்கடையில் கூலர் ஒன்றை வாங்கிப் பொருத்தியவர். லாரி மலையேறிக்கொண்டிருக்கிறது.

— எண்ணெய்ச் சூடு காட்டுற முள்ளு எங்க நிக்குது மாப்ளே?

— எண்பதுலதான் அத்தான். அசையவே இல்ல.

— அதான்டா பயமா இருக்கு. லாரி நிறைய கூரை ஓடு ஏத்தியிருக்கு, பாதி மலை வந்தாச்சு. என் கழுத்தே கொதிக்குது, எண்ணெய் மட்டும் குளுகுளுன்னு இருக்குமா?

— கூலர் அதுக்குத்தானே அத்தான்? பழசை விட இது ரெண்டு மடங்கு பெருசு. தயவுசெஞ்சு நம்புங்க.

— உங்கக்காவைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் சொன்ன, ரொம்ப சாதுன்னு.

— அத்தான், தயவுசெஞ்சு ரோட்டைப் பாருங்க.

— பாத்துட்டுத்தான் இருக்கேன். இடது பக்கம் மட்டும் பாக்க மாட்டேன். தடுப்பே இல்ல, வெறும் பள்ளம். போன மாசம் இங்கதான் கியர் வழுக்கிச்சு. வண்டி காலியா இருந்துச்சு, தப்பிச்சேன்.

— அதனாலதான் லோடோட ஏத்திப் பாத்துடலாம்னு சொன்னேன். இன்னைக்குத் தாண்டிட்டா அப்புறம் நீங்க நிம்மதியா ஓட்டலாம்.

— ஒரு வாடை வருதே?

— பிரேக்கா இருக்கும்.

— ஏத்தத்துல எவன்டா பிரேக் புடிப்பான்? எண்ணெய் கருகுற வாடை இது. முள்ளு?

— எண்பது.

— மாப்ளே, அந்த முள்ளுக்குச் சூடு சொல்ற சென்சாரை எங்க மாட்டின?

— கூலர்லேர்ந்து எண்ணெய் வெளிய வர்ற குழாய்ல. கூலர் வேலை செய்யுதான்னு தெரியணும் இல்லையா?

— அடப்பாவி! ஆறி வர்ற எண்ணெயைப் பாத்துட்டா சூடே இல்லன்னு சொல்லிட்டு வர்ற? கியர்பாக்ஸுக்குள்ள என்ன சூடு? சொல்லுடா!

— தெரியாது அத்தான். அந்தப் பக்கம் நான் பாக்கவே இல்ல. நிறுத்துங்க. ஓரமா நிறுத்திடுங்க.

— அதுவே நின்னுடுச்சு. மிதிக்கிறேன், இஞ்சின் கத்துது, வண்டி நகரல. கியர் போச்சு.

— பிரேக்! ஹேண்ட்பிரேக்கையும் போடுங்க!

— போட்டாச்சு, கத்தாதே. அடியில என்ன அது, படார்னு?

— கூலர் குழாய் பிடுங்கிக்கிச்சு. கண்ணாடியில தெரியுது, எண்ணெய் கொட்டுது. பின் டயருக்கு அடியில ஓடுது அத்தான்.

— சக்கரம் நிக்குது, வண்டி நிக்கல. பின்னாடி சறுக்குது மாப்ளே.

— ரெண்டு பேரும் குதிச்சிடலாம்! தயவுசெஞ்சு அத்தான்!

— கீழ வேன் ஒண்ணு வருது பாரு. ஸ்டியரிங்கை விட்டா நேரா அது மேலதான் போய் விழும். நான் ஒடிச்சுத் திருப்புறேன். நீ இறங்கிக் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில வை.

— கட்டை நிக்காது, எண்ணெயா இருக்கு.

— வைச்சுப் பாரு. போ!

— நீங்க?

— போடான்னா!

*

— அக்கா, நான்தான்.

— ஏன்டா இப்படி மூச்சு வாங்குது? என்னாச்சு, கூலர் பாஸா பெயிலா?

— கியர்பாக்ஸ் போச்சுக்கா.

— போனாப் போகுது விடு. மலையில பாதியில நின்னுட்டீங்களா?

— ஓடு மொத்தமும் போச்சு. வண்டியும் போச்சு. வேன்ல வந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல.

— ஐயோ, வண்டியுமா! சரி, நீ அழாதே. அவரு திட்டினாரா? போனைக் குடு, நான் பேசிக்கிறேன்.

— அத்தான் இறங்கவே இல்லக்கா.